மூன்று பாட்டில்களில் ஒரே சிறுநீர்

சிறுநீரில் நுரை வந்தது. எனக்கு வந்த முதல் அறிகுறி அதுதான். எட்டு மாதம் அதைப் பினாயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனிக் கழிப்பறையில் துப்புரவுப் பெண்கள் ஷிஃப்டுக்கு மூன்று முறை ஏதோ ஒரு நீல மருந்தை ஊற்றுவார்கள். அதனால்தான் நுரைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டிலும் நுரைத்தது. வீட்டில் பினாயில் ஊற்றுவது நான்தான். ஊற்றாத நாட்களிலும் நுரைத்தது. அதையாவது யோசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன்.

மாலையில் கால் வீங்கும். எட்டு மணி நேரம் நின்றால் யாருக்கும் வீங்கும்தான். வலி தாங்காத நாளில் பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். வாரத்துக்கு மூன்று, நான்கு. அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே கேட்காமல் எடுத்து வைத்துவிடுவார். அவ்வளவு பழக்கம்.

என் பெயர் மஞ்சுளா. முப்பத்தாறு வயது. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். வீட்டுக்காரர் முருகேசன் வேறொரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். மகள் ஏழாம் வகுப்பு. பதினோரு வருடமாக நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். ஒரு காரைப் பிரித்தால் உள்ளே கறுப்பு டேப் சுற்றிக் கொத்துக் கொத்தாக ஒயர் ஓடுமே, அது எங்கள் கை.

நடந்ததைச் சொல்ல எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக நிற்போம். பெரிய பலகை ஒன்று எங்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். பலகை தன்னிடம் வரும்போது ஒவ்வொருத்தியும் தன் ஒயரைச் சொருகிவிட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் லைன் நின்றுவிடும். அதனால் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கி ரிலீவரைக் கூப்பிட வேண்டும். ரிலீவர் என்பவள் எல்லார் வேலையும் தெரிந்தவள். போகிறவள் திரும்பி வரும்வரை அவள் இடத்தில் நிற்பாள்.

கை தூக்கினால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் பஸ் ஏறும் முன் ஒரு டம்ளர் டீ, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மடக்குத் தண்ணீர். ஷிஃப்ட் முடியும்வரை அதுதான்.

எங்கள் லைனின் ரிலீவர் நான். எனக்கென்று ஓர் இடம் கிடையாது என்பதால், யாரிடமும் கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் போகலாம். லைனில் பாட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்கும் ஒரே ஆள் நான்தான். சர்க்கரை கிடையாது, தைராய்டு கிடையாது, லீவு எடுப்பதும் கிடையாது. மஞ்சுளா அக்கா உடம்பு இரும்பு என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கும். வெளியிலிருந்து லேப்காரர்கள் வந்து கேன்டீன் ஹாலில் மேஜை போட்டு உட்காருவார்கள். பத்துப் பத்துப் பேராகக் கூப்பிடுவார்கள். ஒரு குழுவுக்குக் கால்மணி நேரம். நம்பர் ஒட்டிய பாட்டிலைக் கையில் கொடுத்து, சிறுநீர் பிடித்து வரச் சொல்வார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் என்ன பிடித்து வருவார்கள்?

அந்த வருடம் என் பாட்டில் நம்பர் நாற்பத்தொன்று. எனக்கு அடுத்து முபீனா, நாற்பத்திரண்டு. அவளுக்கு இருபத்துமூன்று வயது, கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவள். அவள் அப்பா கிருஷ்ணகிரிக்காரர், சந்தை சந்தையாகப் போய்த் துணி வியாபாரம் செய்பவர். அவளுக்கு அடுத்து ரத்னம்மா, நாற்பத்துமூன்று. வீட்டில் தெலுங்கு பேசுபவர், எங்கள் லைனிலேயே வயதில் மூத்தவர்.

கழிப்பறைக்குள் போய் ஐந்து நிமிடம் கழித்து முபீனா வெளியே வந்தாள். பாட்டில் காலி.

"ஒரு சொட்டு வரமாட்டங்குதுக்கா. திரும்ப அனுப்புனா சூப்பர்வைசர் கத்துவாரு."

"எப்பவும் போலத்தான், குடு இப்படி" என்று அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். ரத்னம்மா கேட்காமலேயே தன் பாட்டிலை நீட்டினார். மூன்றையும் நிரப்பிக் கொடுத்தேன்.

அது எங்களுக்குப் புதிதல்ல. போன வருடமும் மூவருக்கும் நான்தான் கொடுத்தேன், மூவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று வந்தது. இன்னும் எத்தனை லைனில் எத்தனை பேர் இப்படி என்று எனக்குத் தெரியாது. பசியோடு வந்தவளுக்கு டப்பாவில் இருக்கும் சோற்றைப் பகிர்வது போலத்தான் அதை நாங்கள் நினைத்தோம். பரிசோதனை என்பது கம்பெனிக்காகச் செய்வது, நம் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எங்கள் எண்ணம்.

அன்று ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். எனக்கு நூற்றைம்பதுக்கு நூறு. பார்த்த பையன், "ஓடி வந்தீங்களாக்கா?" என்றான். ஆமாம் என்றேன். உண்மையில் மூன்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் வந்திருந்தேன். அவன் அதோடு விட்டுவிட்டான்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனி முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் எங்கள் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். சிஸ்டர் என்றுதான் நாங்கள் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, சத்தமாகப் பேச மாட்டார்.

"மூணு பேருக்கும் யூரின்ல புரதம் மூணு ப்ளஸ் இருக்குது, ரொம்ப ஜாஸ்தி. ரத்த அணுவும் இருக்குது. நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு, நாப்பத்திமூணு, வரிசையா ஒரே மாதிரி வந்திருக்கு. டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவுல ஈரம் பட்டிருக்கும்னு லேப்ல சொல்றாங்க. வேற எதாச்சும் காரணம் இருக்குமாம்மா?"

மூவரும் தலையை ஆட்டினோம். ஒன்றுமில்லை என்று.

எங்கள் தொழிலில் இது பாலபாடம். தொடர்ந்து மூன்று பீஸ் ஒரே குறையோடு வந்தால் பீஸைத் திட்டக் கூடாது, மெஷினைப் பார்க்க வேண்டும். சிஸ்டரும் அந்தக் கம்பெனியில் ஏழு வருடம் இருந்தவர். லேப்காரர்களும் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போகிறவர்கள். எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். மூன்று முடிவையும் ரத்து செய்து, மூன்று மாதம் கழித்து எங்கள் மூவருக்கு மட்டும் மறுபடி எடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ரத்னம்மா நின்றார். பயம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும். "அதி நீதே கதா, மஞ்சு?" என்றார். அது உன்னுடையதுதானே என்று அர்த்தம்.

"டெஸ்டே தப்புன்னு அவங்களே சொல்லிட்டாங்க. வாயை மூடிக்கிட்டு வேலையப் பாருங்க" என்றேன்.

முபீனா என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, ஸ்ட்ரிப்பு கெட்டுப்போயிருந்தா நாப்பதுக்கும் நாப்பத்திநாலுக்கும் ஏன் வரல?"

"நீ கான்ட்ராக்டு. இன்னொருத்தி யூரின உன் பேர்ல குடுத்தன்னு தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிப்பே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அது பொய். அவள் நல்லதுக்காக நான் சொல்லவில்லை. அந்த மாதம் லைன் லீடர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்தது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். என் சித்தப்பா ஒருவர் சிறுநீரகம் பழுதாகி, முகம் உப்பி, தண்ணீரை அளந்து குடித்துச் செத்ததைப் பார்த்தவள் நான். அந்தச் சொல்லை என் பக்கத்தில் வரவிடக் கூடாது என்று இருந்தேன். தெரியாதவரை அது இல்லை என்பது போல ஒரு கணக்கு. படித்தவர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். அதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

பத்து நாள் போயிருக்கும். முபீனா பாகலூர் ரோட்டில் ஒரு லேபில் தன் சிறுநீரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டை டீ இடைவேளையில் என்னிடம் காட்டினாள். அவளுக்கு ஒன்றுமில்லை.

"அப்ப என்னுதும் சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"எப்படிக்கா?" என்றாள். நான் எழுந்து போய்விட்டேன். மறுநாள் அவளாகவே ரத்னம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறாள். அவருக்கும் ஒன்றுமில்லை. லைனில் நான் அவர்கள் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். ரத்னம்மா ஒருமுறை கை தூக்கியபோது, பார்க்காத மாதிரி நின்றேன். ரிலீவராக இருந்த நான்கு வருடத்தில் அப்படி நான் செய்ததே இல்லை.

முடிவு வந்து பத்தொன்பதாம் நாள் சிஸ்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். மேஜையில் ஒரு புதுப் பாட்டில் இருந்தது. நம்பர் இல்லை.

"முபீனா வந்து எல்லாத்தையும் சொல்லிடுச்சு" என்றார். "போயி பிடிச்சிட்டு வாங்க. நான் கதவுகிட்டயே நிக்கிறேன்."

பிடித்து வந்தேன். அவர் என் கண் முன்னாலேயே ஸ்ட்ரிப்பைத் தோய்த்து எடுத்தார். அதில் மஞ்சளாக இருந்த, புரதத்தைக் காட்டும் துண்டு பச்சையாக மாறியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றைம்பத்தாறுக்கு நூறு. இந்த முறை நான் ஓடி வரவில்லை.

"எத்தன நாளா நுரை வருது?" என்று கேட்டார். நுரை என்று நான் சொல்லவே இல்லை. அவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முபீனாவைத் தேடிப் போய், எல்லார் முன்னாலும் "நல்லா இருடியம்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் அதை எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது வாழ்த்தாகவும் இருக்கும், சாபமாகவும் இருக்கும். நான் சொன்ன குரல் அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கும் ரத்னம்மாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். லைன் லீடர் பேச்சு அதோடு நின்றது. முபீனாவை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். சொன்ன ஒருத்திக்குத்தான் வேலை போனது. அவள் கடைசி நாளன்று நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

ஓசூரில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் வீட்டுக்காரர் அழைத்துப் போனார். டாக்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழை மெதுவாகத் தேடித் தேடிப் பேசுவார், அதனால் நமக்குப் புரிவது எளிது. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, சிறுநீரகம் தளர்ந்தால் இது கூடும்) ஒன்று புள்ளி இரண்டு. கொஞ்சம்தான் கூடுதல் என்றார். சிறுநீரில் புரதம்தான் நிறையப் போகிறது என்றார்.

"சிறுநீரகத்துக்குள்ள லட்சக்கணக்குல சின்னச் சின்ன வடிகட்டி இருக்கு. அது ஓட்டை ஆனா ரத்தத்துல இருக்கற புரதம் வெளிய போகும். அதுதான் நுரை. போன வருஷம் யூரின் டெஸ்ட் எடுத்தீங்களா? ரிப்போர்ட் இருக்கா?"

"இருக்குது சார், மூணு இருக்குது" என்றேன். பிறகு விளக்க வேண்டியதாயிற்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நான் இதை எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அங்கேதான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"ஒரு பேஷன்டுக்கு மூணு நார்மல் ரிப்போர்ட் நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர். "ஆனா எனக்கு அது உதவும். போன வருஷம் இல்ல, இந்த வருஷம் இருக்குன்னா, ரொம்ப நாள் ஆகல. அது நல்ல விஷயம்."

தண்ணீர் குடிக்காததால் வந்ததா என்று கேட்டேன். நான் தண்ணீர் குடிப்பவள், குடிக்காத இருபத்தோரு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்ற ஆத்திரம் அந்தக் கேள்வியில் இருந்தது. இது அதனால் வருவதில்லை என்றார். யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நோய்க்கு அது காரணம் இல்லையென்றாலும், தளர்ந்த சிறுநீரகத்தை அது இன்னும் வாட்டும் என்றார். இதைப் படிக்கிற உங்களுக்கு நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: மெடிக்கலில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு ஒரு மாத்திரை உங்களுக்குப் பழகிவிட்டால், ஒரு மருத்துவரை உடனே பாருங்கள்.

திரும்பும் வழியில் வீட்டுக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்னாத்துக்கு மஞ்சு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க."

"ஆமா. கூட்டிட்டுப் போவேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

அவர் வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும், உப்பு ஆகாதென்று, சமையலறையில் இருந்த ஊறுகாய் பாட்டில் நான்கையும் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எந்த வகை நோய் என்று தெரிய பயாப்ஸி (உறுப்பிலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குப் பெங்களூர் போனோம். அத்திப்பள்ளியில் எப்போதும் போல நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து போன அந்த ஒரு மணி நேரம் முடியாமலே இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் தலையணை வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். எங்கள் லைனில் ஒயர் முனையில் மாட்டும் கனெக்டர் சரியாக உட்கார்ந்தால் வருமே, அச்சு அசலாக அதே சத்தம். வலி பெரிதாக இல்லை. இரண்டு முறை எடுத்தார்கள். பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். பயாப்ஸிக்குப் பயந்துகொண்டிருப்பவர்கள் இருந்தால் சொல்கிறேன், ஊசியைவிடக் கஷ்டம் அந்த ஆறு மணி நேரம்தான்.

பரிசோதனை முடிவு ஓசூர் டாக்டரிடம் வந்தது. ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி (நோயை எதிர்க்க உடம்பே செய்யும் ஒருவகைப் புரதம், சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைப் புண்ணாக்கும் நோய்). பெரும்பாலான வடிகட்டிகள் இன்னும் நன்றாக இருக்கின்றன, சிலவற்றில் மட்டும் தழும்பு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். தழும்பு விழுந்தது விழுந்ததுதான், திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"முழுசா குணமாகும்னு சொல்ல மாட்டேன். ரொம்ப வருஷம் இப்படியே வெச்சிருக்கலாம். நீங்க மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து வந்திருந்தா நாம வேற பேச்சு பேசிட்டு இருப்போம்."

வேற பேச்சு என்னவென்று அவர் சொல்லவில்லை. அதை நான் வெளியே நடைபாதையில் பார்த்தேன். அவர் அறைக்கு எதிரேதான் டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை மெஷின் செய்வது, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி விடுவார்கள்) அறை. வெளியே பெஞ்சில் ஒருவர் தன் முறைக்குக் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இடது முழங்கையில், டயாலிசிஸ் ஊசி குத்தும் இடத்தில், நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் வேலை செய்தவராம்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டேன்.

"மூச்சு வாங்குனப்ப தெரிஞ்சுதுங்க. அதுக்கு மின்ன ஒண்ணுமே தெரியல. தலைவலி வரும், மாத்திரை போட்டுக்குவேன்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உள்ளே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வரேங்க" என்று எழுந்து போனார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு கதவு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பதற்கு என் புத்திசாலித்தனம் எதுவும் காரணம் இல்லை. ஒரு பெண் வேலையை விட்டுக்கொடுத்தாள், அதனால் இந்தப் பக்கம் இருக்கிறேன். அந்த நடைபாதையில் வைத்துத்தான் எனக்கு அது உறைத்தது. வெட்கமாக இருந்தது. உடனே அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சிகிச்சை இப்படி. ரத்த அழுத்தத்தைக் குறைத்து, கூடவே புரதம் ஒழுகுவதையும் குறைக்கும் ஒரு மாத்திரை. ஆறு மாதம் ஸ்டீராய்டு (வடிகட்டிகளின் வீக்கத்தை அடக்கும் மருந்து). உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். இதில் எது கஷ்டம் என்று கேட்டால், உப்புதான். உப்பில்லாத களிக்கு உப்பில்லாத கீரைக் கடைசல் என்பதை முதல் வாரம் நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். எலுமிச்சையும் சீரகமும் கொஞ்சம் காப்பாற்றின. மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது கேன்டீன் சாம்பார் வாயில் வைக்க முடிவதில்லை.

ஸ்டீராய்டில் முகம் பூரி மாதிரி உப்பியது. மகள், "அம்மா, செல்ஃபியில நீ மட்டும்தான் தெரியற" என்றாள். தூக்கம் கெட்டது. காரணமில்லாமல் கோபம் வந்தது. ஏற்கெனவே கோபக்காரி என்பதால் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. மருந்தைக் குறைக்கக் குறைக்க எல்லாம் சரியானது. நாமாக அந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லும் அளவில்தான் இறக்க வேண்டும்.

மூன்று ப்ளஸ் என்றிருந்த புரதம் ஒரு வருடத்தில் ஒரு ப்ளஸ்ஸுக்கு வந்தது, பிறகு லேசான அடையாளம் மட்டும். கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்றில் நிற்கிறது. டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்து, "இப்படியே போவோம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

வேலைக்குப் போகிறேன். இன்னும் ரிலீவர்தான். இந்த வருடப் பரிசோதனையன்று காலை டீ இடைவேளையில் கேன்டீனிலிருந்து ஒரு கேன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து லைனில் வைத்தேன். இருபத்தோரு பேரையும் ஒவ்வொருத்தியாக நிறுத்திக் குடிக்க வைத்தேன். ஒருத்தி மாற்றி ஒருத்தி கை தூக்கினார்கள். சூப்பர்வைசர் பார்த்தார். நானும் திருப்பிப் பார்த்தேன். யாரும் யாரிடமும் பாட்டில் நீட்டவில்லை. ஒருத்திக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவள் என்னிடம் வந்து சண்டை போட்டாள், நன்றாக இருந்தவளுக்கு நோயைக் கொண்டுவந்துவிட்டேன் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முபீனாவுக்குச் செய்ததற்கு இது ஒன்றுமே இல்லை.

என் காலம் இப்போது மூன்று மூன்று மாதமாகத்தான் இருக்கிறது. ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் இருப்பதை வாழ்ந்துகொள்ள வேண்டும். முன்பு உடம்பு என்பது என்னை லைனுக்குத் தூக்கிப்போகிற ஒரு வண்டி. ஓடுகிறவரை திறந்து பார்க்க வேண்டியதில்லை. இப்போது அது என்னோடு குடியிருக்கும் ஓர் ஆள். காலையில் எழுந்ததும் கால் வீங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடமும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாட்களின் அளவும் மாறிவிட்டது. எட்டு மாதம் என்பது முன்பு ஒன்றுமில்லை. தீபாவளிக்கும் ஆடிக்கும் நடுவில் எங்கே போனதென்றே தெரியாது. இப்போது பத்து நாள் என்றாலும் அந்தப் பத்து நாளில் எத்தனை வடிகட்டி தழும்பாகியிருக்கும் என்று யோசிக்கிறேன். அது அப்படிக் கணக்குப் பார்க்கிற விஷயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். சரிதான் சார் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பார்க்கிறேன்.

போன மாதம் சாமல்பட்டியிலிருந்து திரும்பும்போது குந்தாரப்பள்ளியில் இறங்கினேன். அன்று சந்தை. முபீனா லீவு நாளில் அப்பாவின் துணிக்கடையில் இருப்பாள் என்று ரத்னம்மா சொல்லியிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம், அங்கேயும் கான்ட்ராக்டுதான். மாட்டுக் கூட்டத்தையும் லாரிகளையும் தாண்டிப் போய்க் கண்டுபிடித்தேன். தார்ப்பாய் விரித்து நைட்டிகளைக் குவித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். இரு என்று சொல்லி நானே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ரிப்போர்ட்டைக் காட்டினேன். புரதம் இருந்த வரியைத் தானே தேடிப் படித்தாள். "நல்லா இருக்குதுக்கா" என்றாள். வேலை போனதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். ஒன்றரை வருடம் தாமதமாகக் கேட்கிற மன்னிப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "வுடுங்கக்கா, வேற கெடைச்சிருச்சில்ல" என்றாள். கலைந்துகிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"என்மேல கோவம் போயிடுச்சாக்கா?"

"போகல. தெரிஞ்ச அன்னிக்கே போயி சொல்லியிருக்க வேண்டியதுதானே. பத்தொம்பது நாள் எதுக்குடி சும்மா இருந்த?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்க்கா" என்றாள்.

ஓசூர் பஸ் வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நைட்டிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.